அரும்பொருளகத்துக்குப் போகாத சேலை

வரும் ஆவணியில் என் மகளுக்குக் கல்யாணம். இழுபறி வரும் என்று நான் பயந்த இடத்தில் எல்லாம் ஒன்றும் வரவில்லை. மண்டபம் கிடைத்துவிட்டது. சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் தங்கமானவர்கள். இழுபறி வந்தது ஒரு பழைய பட்டுச் சேலையால்.

அது என் அம்மாவின் கூறைச் சேலை. 1963-ல் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கல்யாணம் முடித்தபோது கட்டியது. அந்த ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அம்மா இன்னும் பழைய பெயரைத்தான் சொல்வார். சேலை அரக்கு நிறம், கையகல ஜரிகைக் கரை. அறுபது வருடத்துக்கு மேல் தகரப்பெட்டியில் ஒரே மடிப்பில் கிடந்ததில், மடித்த இடமெல்லாம் பட்டு இற்றுப்போய்க் கோடு கோடாக விரிசல் விட்டிருக்கிறது.

அதை வெட்டி, வரவேற்பு அன்றைக்குப் போட்டுக்கொள்ள ஒரு நீளப் பாவாடை தைக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. இப்போது பிள்ளைகளிடம் இது ஒரு பழக்கமாகிவிட்டது. பாட்டி சேலையைப் பேத்தி பாவாடையாக்கிப் படம் எடுத்துப் போட்டால் பார்ப்பவர்களுக்கு எல்லாம் கண் கலங்குகிறது. ரவாங்கில் ஒரு தையற்கடையில் கூலிகூடப் பேசிவிட்டாள்.

"கத்தரி வைக்கக்கூடாது" என்றேன்.

"பெட்டியில வச்சி என்னம்மா செய்யப் போறீங்க? இன்னும் பத்து வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்திடும்."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. எனக்குத்தான் கோபம் வந்தது. "இது மியூசியத்துல வைக்க வேண்டிய சேலை, தெரியுமா!" என்று வாய்விட்டேன்.

அவள் கோலாலம்பூரில் கணினி வேலை பார்ப்பவள். இரண்டு நொடியில் கைத்தொலைபேசியை என் முன் நீட்டினாள். டத்தாரான் மெர்டேக்காவை ஒட்டி, முசியம் தெக்ஸ்தில் நெகாரா. தேசிய ஜவுளி அரும்பொருளகம். "சனிக்கிழமை போய்ப் பார்ப்போம்மா. அவங்க வாங்கிக்கிறாங்கன்னா நான் வெட்டல. சரியா?"

முப்பது வருடமாக உலு சிலாங்கூரில் இருக்கிறேன். அந்தக் கட்டடத்தை எத்தனையோ தடவை பேருந்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. உங்களில் பாதிப் பேரும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

செரண்டா நிலையத்தில் காடியை நிறுத்திவிட்டுக் கொமுட்டர் ஏறினோம். நாங்கள் இருக்கும் புக்கிட் பெருந்துங்கைச் சுற்றி இன்றைக்கும் செம்பனைதான். பெருந்துங் என்றால் அதிர்ஷ்டம். 1997 நெருக்கடிக்குப் பிறகு வரிசை வரிசையாக ஆளில்லாத வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டக் குன்றின் பெயர் கொஞ்சம் கேலியாகக்கூடத் தோன்றியிருக்கும். அது வேறு கதை. அந்தச் சனிக்கிழமை எனக்கு முக்கியமாகப் பட்டது தண்டவாளம்தான். கோலாலம்பூரிலிருந்து ரவாங், செரண்டா, கோலகுபு என்று வடக்கே போகும் இந்தப் பாதை 1890-களில் போட்டது. முதலில் ஈயத்துக்காக, பிறகு ரப்பருக்கு உதவியது. எங்களைப் போன்றவர்களின் முன்னோர்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் ரயில்தான். நாங்கள் பார்க்கப் போன கட்டடமும் துணிக்காகக் கட்டியதல்ல, ரயிலுக்காகக் கட்டியது.

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் இறங்கி, தேசியப் பள்ளிவாசலையும் டாயாபூமியையும் தாண்டி நடந்தோம். பத்துப் பதினைந்து நிமிட நடை. வெயிலுக்கு முன்பே போய்விடுங்கள்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1905-ல் கட்டி முடித்தது. அப்போது சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்து ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்று வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தன. அந்த மாநிலங்களின் ரயில்வேக்குத் தலைமையகம் இது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பாக். நாங்கள் இறங்கிய ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான், 1910-ல் திறந்தது. ஆறு சேரும் இடத்தில் இருக்கும் மஸ்ஜிட் ஜாமெக்கும் அவருடையதே, 1909. கோலாலம்பூரின் அழகு என்று அஞ்சலட்டையில் போடுகிறோமே, அதில் பெரிய பங்கு இந்த ஒரு மனிதரின் மேசையில் உருவானது.

அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களுக்கு ஓர் எண்ணம் இருந்தது. மலாய் நாடு முஸ்லிம் நாடு, ஆகவே முகலாயர் பாணியில் கட்டினால் பொருந்தும் என்று. மலாய்க்காரர்கள் மரத்திலும் அத்தாப்பு ஓலையிலும் எத்தனை அழகாகக் கட்டினார்கள் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆகவே வளைவு வளைவாகத் தாழ்வாரம், மேலே வெங்காயக் கும்பம், சுவர் முழுக்கச் செங்கல் ஒரு வரி, வெள்ளைச் சாந்து ஒரு வரி. என் மகள் "எவ்ளோ அழகு" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது கோயில் மதில் மாதிரி இருந்தது. காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஒருவர் 1905-ல் இதைப் பார்த்திருந்தால், சாமி கும்பிடக் கை எடுத்திருந்தாலும் எடுத்திருப்பார்.

உள்ளே யார் இருந்திருப்பார்கள்? பெரிய துரைமார், அவர்களுக்குக் கீழே கிராணிமார். ரயில்வேயில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கிராணியாகவும் நிலைய அதிகாரியாகவும் நிறைய இருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மண்ணை வெட்டித் தண்டவாளம் பதித்த கூட்டத்தில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. ஒரே மொழி பேசியவர்கள். ஒருவர் கோட்டு போட்டு மின்விசிறிக்குக் கீழே, இன்னொருவர் கோவணத்தோடு வெயிலில். ரயில்வே 1917-ல் நிலையத்துக்கு எதிரே புதுத் தலைமையகம் கட்டிக்கொண்டது. இந்தக் கட்டடம் கை மாறிக் கை மாறிப் பல அலுவலகங்களைப் பார்த்துவிட்டு, 2010 ஜனவரியில் ஜவுளி அரும்பொருளகமாகத் திறந்தது.

நான்கு காட்சிக்கூடங்கள். பெயர்களே அழகு. போஹோன் பூடி, பெலாங்கி, தெலோக் பெரந்தாய், ரத்னா சாரி. முதல் கூடத்தில் மரப்பட்டைத் துணிக் காலத்திலிருந்து தொடங்கி, நூல், சாயம், தறி, கருவிகள், வணிகம் என்று வருகிறது. இரண்டாவதில் பத்தேக், பெரானாக்கான், இந்தியர், சபா சரவாக் மக்கள் என்று பல சமூகத்துத் துணிகள். மூன்றாவது சொங்கெட்டுக்கு. நான்காவது நகைநட்டு. வரிசையாக எல்லாவற்றையும் இங்கே சொல்லி உங்களை அசத்த நான் விரும்பவில்லை. என்னை நிறுத்திய சில இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வணிகம். நம் வீட்டு ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலேகாட்' என்பார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு எங்கள் பக்கத்து வீட்டு பாக்சிக் அதைத்தான் கட்டிக்கொண்டு போவார். பெலேகாட் எது? பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே ஏரியும் கடலும் சேரும் இடத்தில் இருக்கும் ஊர். வெள்ளைக்காரன் வாயில் அது புலிகாட் ஆயிற்று, மலாய் வாயில் பெலேகாட் ஆயிற்று. டச்சுக்காரர்கள் 1613-ல் அங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது கிழக்குத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும். அந்தத் தீவுக்காரர்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் துணியை. ஆகவே பழவேற்காட்டில் துணி ஏற்றி, இங்கே வந்து வாசனைப் பொருள் வாங்கினார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே மலாக்காவில் இருந்த போர்த்துக்கீசியர் தோமே பிரேஸ், நம் கரையிலிருந்து வந்து குவிந்த துணிகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

இதை மகளிடம் சொன்னேன். "அப்போ பாக்சிக் கட்டுறது நம்ம ஊரு கைலியா?" என்றாள்.

நம்ம ஊர் என்று இப்போது எப்படிச் சொல்வது? நானூறு வருடம் இங்கே கட்டிய பிறகு அது இந்த ஊர்த் துணி. பெயர் மட்டும் இன்னும் பழவேற்காட்டின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, சிண்டாய். மலாய் வீரர்கள் இடுப்பில் கட்டும் பட்டு. கிரிஸ் கத்தி அதில்தான் செருகியிருக்கும். அதற்கு மந்திர சக்தி உண்டு என்றுகூட ஒரு நம்பிக்கை. அது குஜராத்தில் பாட்டன் என்ற ஊரின் பட்டோலாப் பட்டு. பாவு நூலையும் ஊடை நூலையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயம் போட்டு, நெய்யும்போது இரண்டும் சந்திக்கும் இடத்தில் பூ விழ வேண்டும். ஒரு நூல் பிசகினால் பூ கலங்கிவிடும். அடுத்து பெலாங்கி என்ற முடிச்சுச் சாயத் துணி. அதைப் பார்த்ததும் எனக்கு மதுரைச் சுங்கடி ஞாபகம். சின்னச் சின்னதாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக வரும். ஆட்கள் வேறு, கை வேலை ஒன்று.

சொங்கெட் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம். பட்டுப் பாவில், சாதாரண ஊடைக்கு மேலே கூடுதலாகத் தங்க இழையைச் செருகிப் பூப்போடுவது. நம் காஞ்சிபுரத்து ஜரிகைப் புட்டாவும் அதே போல்தான். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோத்துவிடுவார்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். அதனால்தான் உடல் கிழிந்தாலும் கரை பிய்ந்து வராது என்பார்கள். ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். வெள்ளி என்பதால் காற்றும் ஈரமும் பட்டுக் கறுக்கிறது. அம்மா சேலையின் கரை ஏன் மங்கியிருக்கிறது என்று அங்கே நின்றுகொண்டுதான் எனக்கு உறைத்தது.

"ஏம்மா இவ்ளோ இருட்டா வச்சிருக்காங்க? படமே எடுக்க முடியல" என்று மகள் அலுத்துக்கொண்டாள். துணியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. வெளிச்சம் துணியைத் தின்னும். சாயத்தை வெளுக்க வைக்கும், நாரை இற்றுப்போக வைக்கும். ஒரு தடவை தின்றது திரும்ப வராது. இருட்டில் வைத்தால் ஆறும் காயமல்ல அது. அதனால் உலகத்தில் எந்த ஜவுளி அரும்பொருளகத்திலும் விளக்கை ஐம்பது லக்ஸ் அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். நம் வீட்டில் ஜன்னலோரம் அடிக்கும் வெயில் அதைப்போல் பல நூறு மடங்கு.

அப்போது அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் ஊழியரிடம் மகளே கேட்டுவிட்டாள். பாட்டியின் கல்யாணச் சேலை இருக்கிறது, 1963, கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா?

அந்தப் பெண் சிரித்தார். அதைத் தான் தீர்மானிக்க முடியாது, எழுதிக் கொடுத்தால் உரியவர்கள் பார்ப்பார்கள் என்றார். பிறகு சும்மா பேச்சுக்காகக் கேட்டார். எங்கே நெய்தது? யார் வாங்கியது? எந்தக் கடையில்? எத்தனை தடவை கட்டினார்கள்? கட்டிய படம் இருக்கிறதா?

மகள் என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. காஞ்சிபுரம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது காஞ்சிபுரம்தானா என்றே எனக்குத் தெரியாது. மியூசியத்தில் வைக்க வேண்டிய சேலை என்று வீட்டில் குதித்தவளுக்கு, அந்தச் சேலையைப் பற்றி நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

போகும்போது அந்தப் பெண் இரண்டு மூன்று விஷயம் சொன்னார். எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். பட்டைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சை பிடிக்கும். நாளிதழ் சுற்றவும் வேண்டாம், மையும் ஒட்டும், அந்தத் தாளில் இருக்கும் அமிலமும் கெடுக்கும். (நாளிதழில் எழுதிக்கொண்டு இதைச் சொல்கிறேன்.) நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். கஞ்சி போட்டது கூடாது, வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. அந்துருண்டை ஜரிகைமேல் படக்கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் உதறி, வேறு இடத்தில் மடிக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேதான் முறியும். முடிந்தால் மடிக்காமல் குழல்போல் சுற்றி வைப்பது இன்னும் நல்லது. அம்மாவின் சேலைக்கு இதெல்லாம் அறுபது வருடம் தாமதம்.

வெளியே வந்து, ஆற்றைத் தாண்டி மஸ்ஜிட் இந்தியா சாலைப் பக்கம் போய், தே தாரேயும் ரொட்டி சானாயும் சாப்பிட்டோம். கடை கடையாகச் சேலை தொங்குகிறது. வெயிலில்தான்.

சாப்பிடும்போது மனத்தில் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே பார்த்த துணி பெரும்பாலும் நல்ல நாளுக்குக் கட்டியது. அரசர் வீட்டுத் துணி, கல்யாணத் துணி, விழாத் துணி. இது அந்த அரும்பொருளகத்தின் குறையல்ல, எந்த நாட்டிலும் இப்படித்தான். நல்ல துணி பெட்டிக்குப் போகிறது, அதனால் தங்குகிறது. உழைத்த துணி தேய்ந்து, தலையணை உறையாகி, கரித்துணியாகிக் குப்பைக்குப் போகிறது. விடியற்காலை நாலரை மணிக்குப் பெரட்டுக்குப் போன பெண்கள் என்ன உடுத்தினார்கள்? கைலிக்கு மேலே ஆம்பளைச் சட்டை, முழுக்கை. தலையில் துண்டு, கொசுவுக்குக் காது மூடிக் கட்டியிருக்கும். சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பால் உறைந்து அட்டை மாதிரி விறைத்து நிற்கும். அந்த வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்தச் சட்டை ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா? யார்தான் அதை எடுத்து வைத்தோம்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உட்கார்ந்தேன். எண்பது வயது. முட்டி வலி, அதனால்தான் கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"காஞ்சிபுரமா? அதெல்லாம் யாருக்குத் தெரியும் பாப்பா. சம்பளத்தன்னிக்கு சைக்கிள்ல மூட்டை கட்டிக்கிட்டு ஒரு பஞ்சாபிக்காரர் வருவாரு. அவருகிட்ட எங்கப்பா எடுத்தது. எண்பது வெள்ளி. மாசம் பத்து வெள்ளியா எட்டு மாசம் கட்டுனாரு. அப்போ நாளுக்கு மூணு வெள்ளி சொச்சம்தான் சம்பளம்."

எட்டு மாதக் கடன். கடைசித் தவணை கட்டும்போது அம்மா முழுகாமல் இருந்தாராம்.

"அவ்வளவு கஷ்டப்பட்டு ஏம்மா பட்டு?"

அதற்கு அம்மா சொன்னது அவர் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கும் கதை. ஜப்பான்காரன் காலம். 1942-லிருந்து மூன்றரை வருடம் கப்பலும் இல்லை, துணியும் இல்லை. தோட்டத்தில் சனங்கள் அரிசிச் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள், உருப்படியாக ஒரு சேலை. ஒருத்தி வெளியே போனால் மற்றவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே. என் அம்மாயியின் தம்பியைச் சயாம் ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அம்மா பிறந்தது 1945-ல். பிறந்த பிள்ளையைச் சுற்றத் துணி இல்லாமல் சாக்கைத் துவைத்துத் துவைத்து மெதுவாக்கிச் சுற்றினார்கள். "சாக்குல பொறந்தவ பட்டுல போகணும்னு எங்கப்பாவுக்கு வைராக்கியம்."

நான் காலையில் நடந்துபோன தாழ்வாரம் நினைவுக்கு வந்தது. ரயில் என்றால் எங்கள் குடும்பத்துக்கு அந்த அழகான கட்டடம் மட்டும் இல்லையே.

"சரிம்மா, இப்படிப்பட்ட சேலைய இவ வெட்டுறேங்கிறாளே" என்றேன். அம்மா என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன்.

"வெட்டட்டுமே."

"அம்மா!"

"மூணே மூணு தடவ கட்டுனது. கல்யாணத்துக்கு, உனக்குக் காது குத்துனப்போ, உன் தம்பி கல்யாணத்துக்கு. அந்தச் சேலைக்கு என்னை என்னா தெரியும்? அவ போட்டுக்கிட்டு நாலு பேரு பார்க்கட்டும்."

மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்கு நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் அம்மா எழுந்து, பெட்டியை இழுத்து, மேலே இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்து ஒரு துணியை எடுத்தார். பருத்தி. ஒரு காலத்தில் கட்டம் போட்டதாக இருந்திருக்கும், நீலமா பச்சையா என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் கிழிந்து கையால் ஓட்டுப்போட்டிருந்தது. நடுவில் கயிறு மாதிரி முறுக்கிய தடம், எத்தனை துவைத்தும் போகாதது.

"இதான் உங்க ஏணை" என்றார்.

லயத்து வீட்டு உத்திரத்தில் அதைத்தான் கட்டித் தொங்கவிடுவாராம். விடியுமுன் அவிழ்த்து, பிள்ளையை அதிலேயே சுற்றித் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போய், அங்கே கட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுவார். பத்து மணிக்குப் பால் கொடுக்க ஓடிவருவார். நாங்கள் நான்கு பேரும் அதில்தான் தூங்கினோம். காய்ச்சல் வந்தால் அதையே போர்த்திக்கொண்டு எங்களைத் தோளில் போட்டு டிரெசர் வீட்டுக்கு நடப்பார். தோட்டத்தை விட்டு வந்தபோது அம்மி, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், இதை எடுத்து வந்திருக்கிறார். முப்பது வருடமாக என் வீட்டுப் பெட்டியில் அது இருப்பது எனக்கே தெரியாது.

என் மகள் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "பாட்டி, இதை நான் வச்சிக்கிறேனே."

"அது மட்டும் முடியாதுடி தங்கம். அது என்கூட வரணும். நான் போறப்போ என்மேல போட்டு அனுப்பிடுங்க."

அந்த அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் காலையில் எந்தத் துணி அரும்பொருளகத்துக்குப் போக வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேனோ, அது என் கண் முன்னால் இருக்கிறது. அதை நெருப்பில் போடச் சொல்கிறார் அம்மா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? நான் அதில் தூங்கியவள், அவ்வளவுதான். இன்றைக்கு வரை அம்மாவிடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உண்மையாகவே கேட்கிறேன்.

பட்டுச் சேலை ரவாங்கில் தையற்காரம்மாவிடம் இருக்கிறது. இற்றுப்போன இடங்களில் ஊசி நிற்காது என்று முந்தானையையும் ஒன்றரை முழத் துணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வெள்ளைத் துணியில் சுருட்டி வைத்திருக்கிறேன். கூடவே ஒரு நாடாத் துண்டில் பேனாவால் எழுதி வைத்தேன். யார் கட்டியது, எந்தத் தோட்டம், எண்பது வெள்ளி, எட்டுத் தவணை.

ஏணையை அம்மா அனுமதியோடு வெயில் படாத இடத்தில் விரித்துப் படம் எடுத்தோம். அதற்கும் ஒரு நாடா எழுதினேன். 'நான்கு பிள்ளைகள், 1966 முதல்' என்று எழுதி அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அறுபத்தாறு இல்ல. அறுபத்தஞ்சு. உனக்கு முன்னாடி ஒண்ணு பொறந்து பதினோரு நாள் இருந்துச்சு. அதுவும் இதுலதான் தூங்குச்சு. அஞ்சுன்னு போடு."

அழித்துவிட்டு எழுதினேன். ஐந்து பிள்ளைகள், 1965 முதல்.